கான்கிரீட் மூடுவதற்கு முன்: 1,700 சதுர அடி வீடு, ஒரு காண்ட்ராக்டர், சைட் நோட்டுக் குறிப்புகள்

மனை 30×40 அடி, செங்கல்பட்டு மாவட்டம், களிமண் கலந்த நிலம். கீழ்த்தளம் 850, முதல் தளம் 850 சதுர அடி. 12 காலம் (கான்கிரீட் தூண்) போட்ட பிரேம் கட்டடம். மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடி ரேட்டில் ஒரே காண்ட்ராக்டர். அவருக்குக் கீழே கொத்து மேஸ்திரி, கம்பி செட், சென்ட்ரிங் செட் (கான்கிரீட் ஊற்ற ஷீட்டும் முட்டும் அமைப்பவர்கள்), பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் தனித்தனி உள்குத்தகை. வீட்டுக்காரர் கையில் இருந்தவை ஸ்ட்ரக்சுரல் டிராயிங், 5 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, சமையலறைத் தராசு, ஒரு நோட்டு.

காண்ட்ராக்டர் நல்லவரா என்று விசாரிப்பதைவிட, அவருக்குக் கீழே யாருக்கு எப்படிக் கூலி என்று விசாரிப்பது பலன் தரும். கம்பி செட்டுக்கு எடைக் கணக்கில் கூலி. தடிக் கம்பி கட்டினால் சீக்கிரம் எடை ஏறும். 8 மி.மீ ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வளைப்பது நேரம் பிடிக்கும், எடை ஏறாது. ஆகவே குறைவது ரிங்காகத்தான் இருக்கும். சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் (இரும்பு முட்டு) வாடகைப் பொருள் என்பதால் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். கொத்தனாருக்கு நாள் கூலி. கலவையில் தண்ணீர் கூடினால் கை வலி குறையும். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். தினமும் சைட்டில் நின்று மேற்பார்வை செய்யத் தேவையில்லை. ஒரு வேலை இன்னொன்றால் மூடப்படும் நேரத்துக்கு முன்னால் நின்றால் போதும். அக்ரிமென்டில் ஏழு நிறுத்தங்கள் எழுதப்பட்டன: மார்க்கிங், கடைக்கால் கம்பி, பேஸ்மட்ட நிரப்பு, காலம் கம்பி, தளக் கம்பி, சுவருக்குள் பைப், பாத்ரூம் சங்கன் (பைப் போகத் தளத்தைத் தாழ்த்திப் போட்ட பள்ளம்). ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் முன்னால் தகவல் வர வேண்டும். நோட்டில் கையெழுத்து விழாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது.

அக்ரிமென்ட்

சண்டை வருவது ரேட்டில் அல்ல, சதுர அடி என்றால் எது என்பதில். வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை என்று எழுதியாயிற்று. பால்கனி, போர்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம் மூன்றும் முழுசா பாதியா என்று தனித்தனியாக எழுத வேண்டும். சம்ப் (எத்தனை லிட்டர்), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் (ஓடும் அடிக்கு), கைப்பிடிச் சுவரின் உயரம், லாப்ட், சமையல் மேடை, கேட் இவையெல்லாம் பெரும்பாலும் ரேட்டுக்கு வெளியே இருக்கும், ஆனால் பேசும்போது உள்ளே இருப்பது போலவே பேசப்படும்.

‘பேஸ்மட்டம் 3 அடி’ என்ற வரி எல்லா அக்ரிமென்டிலும் உண்டு. எதிலிருந்து 3 அடி? மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம் என்றால், காண்ட்ராக்டர் கணக்கில் மனை மட்டத்திலிருந்து 3 அடி, வீட்டுக்காரர் கணக்கில் ரோட்டிலிருந்து 3 அடி. வித்தியாசம் ஒன்றரை அடிச் சுவரும் 850 சதுர அடிக்கு அந்த உயரத்துக்கான நிரப்பு மண்ணும். அதாவது சுமார் 1,275 கன அடி, கிட்டத்தட்ட 13 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). எதிர்ப்புறச் சிறுபாலத்தின் மேல்விளிம்பில் பெயின்டால் கோடு போட்டு, அதுதான் பூஜ்யம் என்று போட்டோவோடு அக்ரிமென்டில் சேர்த்த பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

‘அல்லது அதற்குச் சமமான பிராண்ட்’ என்ற சொற்களை அடித்துவிட வேண்டும். டைல்ஸுக்கு விலை வரம்பு எழுதும்போது ஜி.எஸ்.டி.யோடா இல்லாமலா, ஒட்டுக் கூலி உண்டா என்பதும் வேண்டும். எலக்ட்ரிக்கல் பாயின்ட் எண்ணிக்கையை அறை வாரியாக எழுதாவிட்டால் கடைசியில் ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸும் எக்ஸ்ட்ரா பில்லில் வரும்.

பணம்: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்து 15, முதல் ரூப் 20, இரண்டாம் ரூப் 20, கட்டுவேலையும் பூச்சும் முடிந்து 15, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் முடிந்து 12, பெயின்டிங் 5, நிறுத்திவைப்பு 3. காண்ட்ராக்டர் முதலில் கொண்டுவந்த பட்டியலில் இரண்டாவது ரூப் போடும்போதே 85 சதவீதம் போயிருக்கும். அப்படிக் கொடுத்துவிட்டால் பூச்சுக்கு ஆள் வரமாட்டார்கள், அடுத்த சைட்டின் கடைக்காலுக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை கூலிக்கு அவசரம் என்று நடுவில் கேட்பது சகஜம். கொடுத்தால் எந்த நிலையின் பணத்தில் கழிகிறது என்று அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எக்ஸ்ட்ரா வேலையும் அப்படித்தான்: அளவு, ரேட், ஒப்புதல் மூன்றும் வாட்ஸ்அப்பிலாவது வந்த பிறகே வேலை.

மார்க்கிங், கடைக்கால்

மூலைமட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. 2 அடி மூலைமட்டத்தில் தெரியாத கோணல் 30 அடியில் நன்றாகத் தெரியும். நூல் கட்டி ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி குறித்தால் குறுக்கே சரியாக 15 அடி வர வேண்டும். பிறகு முழுக் கட்டடத்தின் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்க்க வேண்டும். இங்கே முதல் தடவை ஒன்றரை இஞ்ச் வித்தியாசம் இருந்தது. நூலை நகர்த்துவதோடு தீர்ந்தது. விட்டிருந்தால் டைல்ஸ் ஒட்டும்போது ஒவ்வொரு அறையிலும் ஆப்பு வடிவத் துண்டு வெட்ட வேண்டியிருக்கும்.

குழி 5×5 அடி, 5 அடி ஆழம். அடியில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், 4 இஞ்ச். கம்பி வலை நேராக பி.சி.சி. மேல் உட்காரக் கூடாது. கடைக்காலுக்கு 50 மி.மீ கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம். களிமண் என்பதால் குழி வெட்டியதும் மழைக்கு முன்னால் பி.சி.சி. போட்டுவிட வேண்டும். ஒரு இரவு தண்ணீர் நின்றாலே அடிமண் குழைந்துவிடும். குழைந்ததை வழித்து எடுத்து, கூடுதல் ஆழத்தை பி.சி.சி.யாலேயே நிரப்ப வேண்டும், மண்ணால் அல்ல.

கம்பி லோடு வந்ததும் எடை பார்த்தாயிற்று. கணக்கு எளிது: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ. 8 மி.மீ என்றால் 395 கிராம், 10 மி.மீ 617, 12 மி.மீ 888, 16 மி.மீ 1.58 கிலோ. வெட்டி மிஞ்சும் துண்டுகளில் ஒரு மீட்டர் அளந்து தராசில் வைத்தால் போதும். கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 மொத்த லோடுக்கு அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு 10 மி.மீ வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதம். ஒரு துண்டை வைத்து முடிவுக்கு வராமல் பல துண்டுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். எல்லாத் துண்டும் கீழ்ப்பக்கமே சாய்ந்தால், அடுத்த லோடை இறக்கும் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

பேஸ்மட்ட நிரப்பு

யாரும் பார்க்காத வேலை இதுதான், அதனால்தான் இரண்டு வருஷத்தில் தரை இறங்குகிறது. முறை தெரிந்ததே: 6 முதல் 8 இஞ்ச் அடுக்கு, தண்ணீர், இடி, அடுத்த அடுக்கு. நடப்பது வேறு: ஜே.சி.பி. மூன்று அடியையும் ஒரே தள்ளில் தள்ளிவிடும், மேலே ஹோஸ் பைப்பைப் போட்டுவிடுவார்கள். மேல் ஒரு அடி நனைந்து இறுகும், கீழே காற்று அப்படியே நிற்கும். பேஸ்மட்டச் சுவரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் 8 இஞ்சுக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தச் சொன்னதால் வேலை நீண்டது, காண்ட்ராக்டர் முணுமுணுத்தார். வெட்டி எடுத்த களிமண்ணைத் திரும்ப உள்ளே போட விடக் கூடாது. அது ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். கிராவலோ கிரஷர் டஸ்டோதான். கரையான் மருந்தும் இந்த நிலையிலேயே. குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். டப்பா சீலை நம் கண்முன் உடைக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலந்த பிறகு பாலும் மருந்தும் ஒரே வெள்ளை.

காலம்

காலம் 9×12 இஞ்ச், கவர் 40 மி.மீ. ரிங் 6 இஞ்சுக்கு ஒன்று, பீமோடு சேரும் இரு முனையிலும் 4 இஞ்ச். ரிங்கின் கொக்கி 90 டிகிரியில் மடக்கி விடப்பட்டிருந்தது. டிராயிங்கில் 135 டிகிரி, அதாவது முனை உள்பக்கம் கான்கிரீட்டுக்குள் நுழைய வேண்டும். 90 டிகிரி கொக்கி நிலநடுக்க ஆட்டத்தில் வாய் திறக்கும். கம்பி செட் ஆட்கள் வழக்கமாகச் சொல்வது “எல்லா சைட்லயும் இப்படித்தான் சார்.” விவாதம் பண்ணிப் பயனில்லை. டிராயிங்கைக் காட்டி, மடக்கும் பலகையில் ஆணியின் இடத்தை மாற்றினால் அடுத்த ரிங்கிலிருந்து தானாகச் சரியாக வரும்.

ஓவர்லாப்புக்கு (இரு கம்பிகளைச் சேர்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வரும் நீளம்) கம்பி விட்டத்தில் ‘50 மடங்கு’ என்பது எல்லார் வாயிலும் இருக்கும் எண். எப்.இ. 500 தரக் கம்பிக்கு எம்20 தரக் கான்கிரீட்டில் இழுவிசைக்கு வேண்டிய நீளம் 57 மடங்கு, எம்25இல் 49 மடங்கு. எம்20இல் 16 மி.மீ கம்பிக்கு இது கிட்டத்தட்ட 3 அடி. எல்லாக் கம்பியையும் ஒரே மட்டத்தில், அதுவும் தளத்துக்கு ஒட்டிச் சேர்ப்பதுதான் பழக்கம். காலத்தின் நடுப்பகுதியில், மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும்.

ஊற்றும்போது ஒன்று. கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் அதிகபட்ச விழும் உயரம் 1.5 மீட்டர். 10 அடி காலத்தை மேலிருந்து ஒரே தடவையாகக் கொட்டினால் ஜல்லி கீழே தனியாகக் குவியும், காலத்தின் அடியில் தேன்கூடு (ஓட்டை ஓட்டையான பகுதி) விழும். 5 அடி, 5 அடியாக இரண்டு தடவை. பலகை பிரித்ததும் கலவை பூசி மறைக்கும் முன்னால் வரச் சொல்ல வேண்டும். தேன்கூட்டை மறைப்பதில் கொத்தனார்களுக்கு அபாரக் கைத்திறன் உண்டு.

தளம்

அதிக நேரம் செலவழிய வேண்டிய இடம் இதுதான்.

முதலில் அளவு. 850 சதுர அடி, 5 இஞ்ச் கனம்: 354 கன அடி, அதாவது 10 கன மீட்டர். தளத்துக்குக் கீழே இறங்கும் பீம் பாகம் சுமார் 200 அடி நீளம், 9 இஞ்ச் அகலம், 7 இஞ்ச் ஆழம்: 87 கன அடி, 2.5 கன மீட்டர். மொத்தம் 12.5. எம்20, 1:1½:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி ஜல்லி. ஆகவே 100 மூட்டை, 1.9 யூனிட் எம்-சாண்ட், 3.75 யூனிட் முக்கால் இஞ்ச் ஜல்லி. காண்ட்ராக்டர் 80 மூட்டை இறக்கியிருந்தார். “பத்தும் சார், மீதிகூட வரும்” என்றார். கன அளவைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் இன்னும் 25 மூட்டை வந்தது. ஊற்றி முடிந்த பிறகு காலிச் சாக்குகளை எண்ணிக் கட்டி வைக்கச் சொல்ல வேண்டும். சாக்குகளே அன்றைய கணக்கு.

கலவை மெஷின் 10/7 வகை, ஒரு தடவைக்கு ஒரு மூட்டை. சட்டிக் கணக்கில் போட்டால் காலையில் நிரம்பி வரும் ஜல்லிச் சட்டி மதியம் குவிந்து வரும். அதனால் மரப்பெட்டி: உள்ளளவு 12×12×15 இஞ்ச், 1.25 கன அடி, ஒரு மூட்டை சிமென்டின் கன அளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும், பெட்டியில் மணல் குறைவாக விழும். அன்று சற்றுக் கூட்டிப் போட வேண்டும். தண்ணீர் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர். ஐ.எஸ். 456இன் நாமினல் கலவை அட்டவணை எம்20க்கு விட்டுக்கொடுக்கும் உச்சம் 30. இரண்டு பெயின்ட் வாளியில் கோடு போட்டு மெஷின் பக்கத்தில் வைத்து, ஹோஸ் பைப்பை அங்கிருந்து அப்புறப்படுத்தினால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

கம்பியை முந்தின நாள் சாயங்காலம் பார்க்க வேண்டும், ஊற்றும் காலையில் அல்ல. காலையில் மெஷினும் பத்திருபது ஆட்களும் வந்து நின்ற பிறகு எந்தத் தப்பைச் சொன்னாலும் ‘பார்த்துக்கலாம்’தான். இடைவெளியை ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம். டேப்பை 10 அடிக்கு விரித்து எண்ணினால் 6 இஞ்ச் இடைவெளிக்கு 21 கம்பி இருக்கும். 18தான் இருந்தால் இடைவெளி 7 இஞ்ச். கவர் பிளாக் தளத்துக்கு 20 மி.மீ, பீமுக்கு 25. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதை அனுமதிக்கக் கூடாது. கான்கிரீட் நடக்கும்போது அது நழுவிவிடும், கம்பி ஷீட்டில் படுத்துவிடும், சில வருஷத்தில் கீழே துருக் கோடு தெரியும்.

பால்கனியும் சன்ஷேடும் வேறு கதை. அங்கே பிரதான கம்பி மேலே இருக்க வேண்டும், ஏனெனில் இழுபடுவது மேல்பக்கம். சாந்துச் சட்டியோடு நடக்கிறவர்கள் கால் பட்டு அது கீழே அமுங்கினால் கம்பி இருந்தும் இல்லாததற்குச் சமம். 3 அடிக்கு ஒரு சேர் (மேல் கம்பியைத் தாங்கும் வளைத்த கம்பி) வைத்து, மேலே பலகை போட்டு நடக்க வைக்க வேண்டும். ஊற்றும்போது ஒருவர் அந்த இடத்திலேயே நின்றது வீண்போகவில்லை. இரண்டு தடவை கம்பியைத் தூக்கி விட வேண்டியிருந்தது.

எலக்ட்ரிக்கல் பைப் 25 மி.மீ, கீழ் வலைக்கு மேலே போக வேண்டும். நாலைந்து பைப்பை ஒட்டி ஒட்டிக் கொண்டுபோனால் அந்தக் கோட்டில் கான்கிரீட்டே இருக்காது, நேர்க்கோட்டில் வெடிப்பு வரும். இடையில் 2 இஞ்சாவது விட வேண்டும்.

சென்ட்ரிங்கில் முட்டு இடைவெளி 3 அடிக்கு மேல் போகக் கூடாது. ஜாக்கியின் அடியில் பலகை இல்லாமல் மண்ணில் நின்றால், க்யூரிங் தண்ணீர் வழிந்து மண் இளகும்போது அது இறங்கும். ட்யூப் லெவலில் நாலு மூலையும் நடுவும் பார்த்தாயிற்று. ஷீட் இடுக்குகளில் டேப் ஒட்டாவிட்டால் சிமென்ட் பால் ஒழுகி, கீழே ஜல்லி முகம் காட்டும்.

100 கலவை என்பது ஏழெட்டு மணி நேர வேலை. ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலைக்கு நகர வேண்டும். நாலு பக்கமும் கொட்டி நடுவில் சந்தித்தால், சந்திக்கும் இடத்தில் முன்னது இறுகியிருக்கும், பின்னது ஒட்டாது. மாடியில் தெரியும் வளைவான கசிவுக் கோடு பெரும்பாலும் இந்த ஜாயின்ட்தான். மழை வந்து நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பீமுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல், தளத்தின் நடு மூன்றில் ஒரு பாகத்தில் பலகை வைத்து நேராக நிறுத்த வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் அவரவர் கை நின்ற இடத்தில் நிற்கும். மெஷின் பழுதானால் என்ன செய்வது என்பதும் அப்படியே. வைப்ரேட்டருக்கு இன்னொரு நீடில் (கலவையை இறுக்க உள்ளே விடும் குழாய்) கையில் இருக்கட்டும்.

கியூப் (வலிமை சோதிக்க அச்சில் ஊற்றும் கான்கிரீட் கட்டி) எடுத்தாயிற்று. 6 முதல் 15 கன மீட்டருக்கு இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்றாக ஆறு கியூப், 150 மி.மீ அச்சு. கியூப் ரிப்போர்ட் 28 நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் சுவர் எழும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அச்சு சைட்டில் இருந்தாலே அன்று தண்ணீர் குறைகிறது, அதற்காகவே எடுக்கலாம்.

மறுநாள் பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்தம், 14 நாள். ஐ.எஸ். 456 சாதா ஓ.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாளும் கேட்கிறது. சைட்டில் இருந்தது பி.பி.சி. முட்டுப் பிரிப்புக்கு அதே ஐ.எஸ். ஓ.பி.சி.யை வைத்துச் சொல்வது: 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட நீளம்) உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. பி.பி.சி.க்கு இதைக் கூட்ட வேண்டும். எட்டாம் நாள் சென்ட்ரிங் வண்டி வாசலில் வந்து நின்றது. கூடுதல் நாட்களுக்கு வாடகை யார் தருவது என்று அக்ரிமென்டில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்ததால் வண்டி திரும்பிப் போனது.

சுவர், பைப், பூச்சு

9 இஞ்ச் சுவருக்கு 1:6 சிமென்ட்-மணல் கலவை, நாலரைக்கு 1:4. ஒரு நாளைக்கு 4, 5 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. பீமுக்கு அடியில் கடைசி வரிசையைச் சில நாள் விட்டு அடைப்பது நல்லது. காலமும் செங்கலும் சேரும் கோட்டில் சிக்கன் மெஷ் அடித்து, கான்கிரீட் முகத்தைக் கொத்திவிட்டே பூச வேண்டும்; மெஷ்ஷை மிச்சப்படுத்தினால் பெயின்ட் அடித்த முதல் கோடையிலேயே நேர்க்கோடு தெரியும். நாலரைச் சுவரில் படுக்கையாகக் காடி வெட்டும் எலக்ட்ரீஷியனை அங்கேயே நிறுத்த வேண்டும்.

தண்ணீர் போகும் சி.பி.வி.சி. பைப்பைப் பூச்சுக்கு முன் பிரஷர் பம்பில் 10 கிலோ அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்தாயிற்று. ஒரு எல்போ ஒழுகியது. சொல்யூஷன் தடவாமல் சும்மா செருகியிருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ. கீஸருக்குத் துளை போடும் நாளில் அந்தப் போட்டோக்களுக்கு மதிப்பு வரும்.

பாத்ரூம் சங்கனில் வாட்டர் புரூஃப் அடித்த பிறகு 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்த்தள சீலிங்கைப் பார்க்க வேண்டும். டைல்ஸ் செட் காத்திருக்கிறது என்ற அவசரத்தில் இந்த இரண்டு நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள். பைப் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்தான் ஒழுகும், நடுத்தரை அல்ல. அந்த வளையத்தை நான்-ஷ்ரிங்க் கிரவுட்டால் (இறுகும்போது சுருங்காத கலவை) அடைத்திருக்கிறார்களா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

டைல்ஸ், பெயின்டிங், கதவு வேலைகளில் தப்பு கண்ணுக்குத் தெரியும், சரிசெய்யவும் முடியும். அங்கே அதிகம் மல்லுக்கட்டவில்லை.

கடைசி பில்லுக்கு முன் வீட்டை இருவரும் சேர்ந்து டேப்பால் அளந்து, நோட்டில் உள்ள எக்ஸ்ட்ராக்களையும், செய்யாமல் விட்டவற்றையும் (ஒரு லாப்ட், இரண்டு ஜன்னல் கிரில்) கூட்டிக் கழித்துக் கணக்கு முடிந்தது. நிறுத்திவைத்த 3 சதவீதத்துக்கு ‘ஆறு மாதம்’ என்று எழுதுவது வழக்கம். இந்த மாவட்டத்தில் அது பத்தாது: பிப்ரவரியில் சாவி வாங்கினால் ஆறு மாதம் ஆகஸ்டில் முடிந்துவிடும், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். அக்ரிமென்டில் ‘ஒரு பருவமழை முடிந்து ஜனவரி 15’ என்று தேதியாகவே எழுதப்பட்டது. நவம்பரில் ஹெட்ரூம் சுவரும் மாடித் தளமும் சேரும் மூலையில் ஈரம் வந்தது. காண்ட்ராக்டர் ஆள் அனுப்பி, அந்த மூலையைக் கொத்தி, கோவிங் (மூலையில் வளைவான சாந்துப் பட்டை) வைத்து, மேலே வாட்டர் புரூஃப் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தார். ஜனவரியில் பணம் வாங்கிக்கொண்டார்.